நாற்பது நிமிடம்

பிரசவ விடுப்பு முடிந்து வந்த முதல் நாளே, அவள் பேக்கப் எடுத்துக்கொண்டு தன் பொறுப்பிலிருந்த சர்வரை இயக்கும் கெர்னல் மென்பொருளைப் புதிதாகப் போட்டாள். ரீஸ்டார்ட் செய்தபோது அது எழவில்லை. நல்லவேளை, பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருந்தாள். அதைக் கொண்டு எழுப்புவதற்குள் நாற்பது நிமிடம் போய்விட்டது.

இரண்டு நிமிடம் நின்றாலே ஊரைக் கூட்டுகிற ஆபீஸில் இருந்து ஒரு போன்கூட வரவில்லை. அந்த அமைதியே விபரீதமாகப் பட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு மேனேஜரிடம் போனாள்.

"தப்பு என்மேலதான் சார். சர்வர் நாப்பது நிமிஷம் நின்னுபோச்சு."

"எது, நம்ம கிழவனா?" அவர் சிரித்தார். "நீ லீவுல இருந்தப்பவே எல்லாத்தையும் புது சர்வருக்கு மாத்தியாச்சேம்மா. அதை இப்ப யாரும் தொடுறதே இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. "அப்போ இனிமே நான் புதுசைப் பாத்துக்கணுமா சார்?"

அவர் சிரிப்பு நின்றது.

"உனக்கு லெட்டர் இன்னும் வரலையா?"