வாடகைத் தலை

வழுக்கையில் நட்ட முடி ஒருமுறை கொட்டிவிட்டுத்தான் மறுபடி முளைக்கும். அந்த அலங்கோலத்தை வசதிக்காரர்கள் பொறுப்பதில்லை. அவர்களுடைய முடியைத் தன் தலையில் நட்டு, கொட்டவிட்டு, வளர்த்து, வேரோடு திருப்பிக் கொடுப்பதே பேச்சிமுத்துவின் பிழைப்பு.

இந்தத் தடவை முடி அடர்ந்து சுருண்டிருந்த நேரத்தில் மகளுக்குக் கடுங்காய்ச்சல். பிழைத்தால் மொட்டை போடுவதாக அவனே அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். பிழைத்துவிட்டாள்.

கோயிலில், கத்தி நெருங்கியதும் தலையைப் பொத்திக்கொண்டான்.

“இது நம்ம முடி இல்ல, கனி. அடுத்த வாரம் எடுக்க வந்துருவாங்க.”

“நேரும்போது தெரியலியா?” என்றாள் மனைவி.

“தடவிப் பாத்தேன். எம்முடி மாரியே இருந்துச்சு.”

அவள் அலுப்போடு கொண்டையை அவிழ்த்தாள்.

“தள்ளி உக்காருங்க. இதாச்சும் நம்ம முடி.”