உடையாத கண்ணாடி

பூமிக்கடியில் நிலக்கரி வெட்ட வெட்ட, மேலே இருக்கும் வீடுகளில் விரிசல் விழும். விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது என் வேலை. மண் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சிலர் கமுக்கமாகப் புதுக் கண்ணாடி ஒட்டிவைப்பார்கள். கையெழுத்து அதற்குத்தான்.

கடைசி வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தரையில் விரிசல். போன மாதம் ஒரு நாணயம் நுழையும் அளவுதான் இருந்தது. இந்த முறை தாண்ட முடியாத அகலம். வீட்டுக்காரர் பலகை போட்டிருந்தார். சுவரோரம் நான் ஒட்டிய கண்ணாடி உடையவில்லை. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை நீண்டிருந்தது. கையெழுத்து என்னுடையதுதான். எழுத்துகள் மட்டும் இழுபட்டிருந்தன.

"உடையலைன்னா காலி பண்ண வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? எங்களுக்கும் பழகிடுச்சு. உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அளவு டேப்பைச் சுருட்டினேன். விரிசலுக்கு அந்தப் பக்கம், சமையலறையின் கடைசிச் சுவரை ஒட்டிய அடுப்பருகே அவர் மனைவி முதுகு காட்டி நின்றிருந்தார்.

"சக்கரை போதுமான்னு பாருங்கண்ணே" என்றார்.

டம்ளர் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாங்கிக்கொண்டேன். ஈரக் கை பலகையின் மேலாக, அவசரமில்லாமல் திரும்பிப் போனது.

அடுப்பருகே நின்ற இடத்திலிருந்து நகராமல், மறு கையால் அவர் மனைவி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.