சர்க்கஸ்காரியின் கண்ணாடி

"வித்தியா, பாத்டப்புல கலர் கலரா ஓடுதுடி! மொத்தமும் போயிடுச்சு!"

"என்னடி போச்சு? முதல்ல அழறதை நிறுத்து" என்றாள் வித்தியா, போன் ஸ்பீக்கரில்.

அஸ்வினியின் கையில் இருந்தது வெறும் கண்ணாடி. பத்து நிமிஷம் முன்புவரை அதில் ஒரு சர்க்கஸ்காரி புலியின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் சிவப்பும் மஞ்சளுமாகக் கரைந்து தண்ணீர் போகும் துளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"வெற்றி ரிப்பேர் பண்றாரே, இரும்புக் குண்டை அடிச்சு விளையாடுற அந்தப் பழைய பின்பால் மெஷின். அதோட தலையில மாட்டுற படக் கண்ணாடிடி. நாளைக்கு ஆயுத பூஜையாச்சேன்னு கராஜ்ல எல்லாத்தையும் தொடச்சேன். ஸ்பேனர், ஜாக்கி எல்லாம் முடிச்சேன். இது போர்வையில சுத்தி இருந்துச்சு. மங்கலா இருக்கேன்னு, படம் பின்பக்கம்தானேன்னு முன்பக்கம் மட்டும்தான் கழுவினேன். தண்ணி பின்னால போயிடுச்சு."

"தொடாதேன்னு அவர் சொல்லலையா?"

"சொன்னாரு. நூறு தடவை."

வித்தியா சிரித்துவிட்டாள்.

"அம்பது வருஷமா அழியாத படம், உன் கை பட்டதும் அழிஞ்சிடுச்சா? நல்ல கைராசிடி உனக்கு!"

அஸ்வினிக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின் கணவன் வெற்றியுடையதாக இருந்தால் காலில் விழுந்தாவது சமாளித்துவிடலாம். அது ஊரின் மறுகோடியில் ரானுயியில் இருக்கும் தியாகலிங்கத்துடையது. பின்பால் மெஷின் சேர்ப்பதில் அந்தப் பெரியவர் ஒரு பைத்தியம். வீட்டில் ஒன்பது வைத்திருக்கிறார். அவர் ஷெட்டில் எழுபத்திரண்டாம் வருஷத்துச் சார்ஜர் கார் ஒன்றும் துருப்பிடித்து நிற்கிறது. அதற்குத் தன் கையால் உயிர் கொடுக்க வேண்டும் என்று வெற்றி மூன்று வருஷமாகத் தவம் கிடக்கிறான்.

"முதல்ல இந்த மெஷினைத் திருத்தித் தாரும் தம்பி. அசல் கெடாமல் தந்தீர் எண்டால் காரைப் பற்றிக் கதைப்பம்" என்று சொல்லியிருந்தார் அவர். சனிக்கிழமை பார்க்க வருகிறார். இன்று செவ்வாய்.

"நீதான் ஞாயித்துக்கிழமை எங்களுக்குத் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் சொல்லிக்குடுக்கிறியே! அதுவும் பின்பக்கத்துலேருந்து வரையறதுதானே? போட்டோ இருந்தா வரைஞ்சு வச்சிடு" என்றாள் வித்தியா.

"விளையாடுறியா? இது அமெரிக்காக்காரன் போட்ட படம்."

"கிருஷ்ணர் கையில வெண்ணெய் வரையத் தெரிஞ்சவளுக்குப் புலி வாயில பல்லு வரையத் தெரியாதா?"

போட்டோ இருந்தது. மெஷின் தகனினியில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்த அன்று, வெற்றி அதைக் கட்டிப்பிடித்து நின்றபோது அவள் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். சர்க்கஸ்காரி நல்ல அழகி. காலையில் போர்வையைப் பிரித்தபோது அவளுக்கு ஒரு கண் நெற்றிக்கும் ஒரு கண் கன்னத்துக்கும் போயிருந்ததுபோல் இருந்தது. பழசு, அழுக்கில் அப்படித் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து சிக் லீவு போட்டாள். வெற்றி ஏர்போர்ட் கார்கோ வேலைக்குக் கிளம்பியதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தூரிகையோடு உட்கார்ந்தால், அவன் கார் சத்தம் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கண்ணாடி பழையபடி போர்வைக்குள் போய்விட்டது.

"ஏங்க, அந்தக் கண்ணாடியை ஒரு தடவை மாட்டிப் பாக்கலையா?" என்று இரவுச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டாள்.

"அவர் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றான் வெற்றி, தட்டை விட்டுத் தலை நிமிராமல். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை அவனுக்கு. கார் ஆசை மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறதே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் தியாகலிங்கம் டார்ச்சும் கையுமாக வந்துவிட்டார்.

"எங்க தம்பி கண்ணாடி? கொண்டுவாரும்."

வெற்றி போர்வையோடு தூக்கிவந்து மெஷின் மேல் நிறுத்தினான். "அய்யா, நீங்க பாக்குறதுக்கு முன்னால நான் ஒண்ணு..."

"கதையெல்லாம் பிறகு" என்று பெரியவரே போர்வையை உருவிவிட்டார்.

வெற்றி கண்ணாடியைப் பார்த்தான். பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தான். கண்டுபிடித்துவிட்டான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அஸ்வினி.

தியாகலிங்கம் டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்தார். சுவிட்சைப் போடச் சொன்னார். பின்னாலிருந்த பல்புகள் எரிந்ததும் சர்க்கஸ்காரி கராஜ் முழுக்கச் சிரித்தாள். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம், அதே சிரிப்பு! முப்பது வருஷமாய் நான் பார்த்த முகம் பிள்ளை இது. மற்ற மெஷினுகளில எத்தினை பேர் கைவச்சுக் கெடுத்துப்போட்டுத் தந்தவை! இவன் ஒரு கீறல் விழாமல் வச்சிருக்கிறான்."

சட்டைப்பையிலிருந்து சார்ஜரின் சாவியை எடுத்து வெற்றியின் மடியில் வைத்தார். "கார் இனி உம்மட பொறுப்பு தம்பி."

வெற்றி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவரின் வேன் தெருமுனை திரும்பியதும் அஸ்வினி அழுதுவிட்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்..."

"இரு, நான் முதல்ல சொல்லிடுறேன்" என்று அவள் கையைப் பிடித்தான் வெற்றி. "அந்த அசல் கண்ணாடி போன மாசமே என் கை தவறிக் கீழே விழுந்து சுக்குநூறாயிடுச்சு அஸ்வினி. உன்கிட்ட சொல்லக்கூடத் தைரியம் வரல. வேற கண்ணாடி வாங்கி, போஸ்டர் கலர்ல நானே எதையோ கிறுக்கித்தான் போர்வையில சுத்தி வச்சிருந்தேன். நான் குப்பையில கொட்டின அசல் எப்படிடி முழுசாத் திரும்பி வந்துச்சு?"