நிலைவாசலுக்கு வாங்க

ரயில் நிலையத்தை ஒட்டிய நூற்றாண்டு பழைய வீடு. கூடத்தில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. இன்று கையெழுத்துப் போட்டால் வீடு, பார்க்க வந்திருக்கும் இந்தக் குடும்பத்துக்கு. "எட்டு மணிக்கு எழுந்தாலும் ஆபீசுக்குப் போயிடலாம்டி," என்கிறான் கணவன். "நீங்க எழுந்தா சரி," என்கிறாள் மனைவி. அவள் கண் வீட்டைக் காட்டும் தரகர்மேல் இருக்கிறது. தூரத்தில் ரயில் ஊதும்போதெல்லாம், "நிலைவாசல் வேலைப்பாட்டைப் பாருங்கம்மா, இங்க வாங்க," என்று அவர் எல்லோரையும் கூடத்திலிருந்து வாசலுக்கு இழுத்துவிடுகிறார். ரயில் கடக்கிறது, ஜன்னல் கண்ணாடிகள் பல்லை நறநறவென்று கடிக்கின்றன, கூடத்துத் தரையில் வெள்ளைத் தூள் உதிர்கிறது. தரகர் உள்ளே வந்து அதைச் செருப்பால் தேய்த்துவிடுகிறார். "பழைய காரை சார். ஒரு பூச்சு பூசினா கல்லு மாதிரி நிக்கும்." கணவன் தலையாட்டிக்கொண்டே சட்டைப்பையில் பேனாவைத் தேடுகிறான். மறுபடி ஊதல். பெரியவர்கள் மூவரும் நிலைவாசலில் இருக்கிறார்கள். மகள் மட்டும் கூடத்தின் நடுவே மல்லாந்து படுத்து, "அம்மா, என் கட்டில் இங்கதான்," என்கிறாள். "பாப்பா, எழுந்து வா." "விடுங்கம்மா, குழந்தைதானே," என்கிறார் தரகர். சொல்லும்போதே அவருடைய இரண்டு கைகளும் நிலைச்சட்டத்தை இறுகப் பற்றுகின்றன. தரை அதிரத் தொடங்குகிறது. மனைவி உள்ளே பாய்கிறாள். மகள் கூரையை நோக்கி விரலை நீட்டிச் சிரிக்கிறாள். "அம்மா, அந்தக் கட்டை நகருது பாரு."