இருபதாம் நம்பர் ரெயில்

மூன்றாவது தடவையாக அவர் பதினைந்தாம் நம்பர் ரெயிலைக் கீழே வைத்துவிட்டு இருபதாம் நம்பரைக் கையில் எடுத்தார்.

கடைக்காரர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

ரெயில் என்றால் பளபளவென்று ஓர் எஃகுச் சட்டம். அதன்மேல் உள்ளங்கை அளவில் ஒரு பிளாக் வழுக்கிக்கொண்டு ஓடும். கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைச் செதுக்கும் சி.என்.சி. மெஷினை வீட்டிலேயே கட்டப்போகிறவருக்கு முதுகெலும்பே அதுதான்.

அவரும் கட்டத்தான் போகிறார். போன வருஷத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்.

குடியிருப்பில் அவருக்கு யோசனைக்காரர் என்று பெயர். லிஃப்டில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று யோசித்து மொட்டை மாடிவரை போய்த் திரும்பியவர் என்று கீழ்வீட்டு அம்மா சத்தியம் செய்வாள். அது கொஞ்சம் மிகைதான். ஐந்தாம் மாடியிலேயே இறங்கிவிட்டார்.

இதுவரை உருவானது மெஷினின் இரும்புக் கூடு மட்டும். ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஈரத் துண்டு காயப்போட உதவுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதில் முழங்காலை இடித்துக்கொள்கிறார்கள்.

இன்று காலை மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரெயிலோடு திரும்பினால் மெஷின். வெறுங்கையோடு திரும்பினால் சாயங்காலம் பழைய இரும்புக்காரர்.

சொன்னதோடு விடவில்லை. கூடவே கிளம்பி வந்து, கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தும்விட்டாள்.

ஆபீஸில் அடுத்தவர் வரைந்த மெஷின் படங்களில் தப்புக் கண்டுபிடித்தே தலை நரைத்த மனிதர் அவர். தன் கையால் செய்தது என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் அந்தக் கூடு ஒன்றுதான் உண்டு. அது பழைய இரும்புத் தராசில் ஏறுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதற்காக முடிவு எடுத்துவிட முடியுமா என்ன?

பதினைந்து மெலிசு. இரும்பில் கட்டர் பதிந்ததும் அதிரும். இருபது கனம். மோட்டார் இழுக்குமா? வெறும் உருட்டுக் கம்பியே போதும் என்று ஒருத்தன் வீடியோவில் அடித்துச் சொன்னான். அவன் மெஷின் நடுங்கும் லட்சணத்தை இன்னொருத்தன் வீடியோ போட்டுக் காட்டினான்.

இருபதை மேஜைமேல் வைத்தார். பதினைந்தோடு வாசல்வரை போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கால் மாற்றி நின்றார். மறுபடி வாசலுக்கே போனார்.

"சார், நான் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்கல," என்றார் கடைக்காரர்.

"அதுக்கு மட்டும் இவரும் யோசிக்கலைங்க," என்றாள் மனைவி.

கடைக்காரர் சிரித்து முடிப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. மிளகு டப்பா கவிழ்ந்ததுபோல் தரையெங்கும் சலசலவென்று.

வாசலில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மனைவியின் ஒரு கையில் இருபதாம் நம்பர் ரெயில். மறுகையில் அதன் பிளாக். தனித்தனியாக.

போச்சு. ரெயிலின் முனையைத் தாண்டி பிளாக்கை உருவவே கூடாது. உள்ளே வரிசைகட்டி நிற்கும் குட்டிக் குட்டி எஃகு மணிகள் அத்தனையும் உதிர்ந்துவிடும். எந்த வீடியோவும் முதலில் சொல்வது அதைத்தான். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் அவர் சத்தமாக வைத்துக் கேட்பதும் அந்த வீடியோக்களைத்தான்.

"நல்லா வழுக்குதேன்னு தள்ளினேங்க. கையோட வந்துடுச்சு," என்றாள் பச்சைப் பிள்ளை முகத்தோடு.

"உதிர்த்தா வாங்கிக்கணும்க்கா. கடை வழக்கம் அது," என்றார் கடைக்காரர்.

மூவரும் மண்டிபோட்டுப் பொறுக்கினார்கள். யோசனைக்காரருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ பெருமூச்சு. இருபது. முடிந்தது. கூடு பிழைத்தது. நாளைக்கே தப்பாகிப் போனாலும் யாரும் அவரைக் கேட்க முடியாது.

"விடு, உனக்கென்ன தெரியும் பாவம்," என்று பெருந்தன்மையாக அவள் தோளைத் தட்டினார்.

"உள்ள கிரீஸ் தடவி மணியை ஒவ்வொண்ணா ஒட்டவெச்சீங்கன்னா பழையபடி ஓடும் சார்," என்றார் கடைக்காரர்.

கிரீஸ்!

அவர் சட்டென்று எழுந்தார். எந்த கிரீஸ்? வெள்ளையா, மஞ்சளா? கெட்டியா, இளக்கமா? மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தபடி அலமாரிப் பக்கம் நகர்ந்தார்.

மனைவி தன் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

புருவம் திருத்தும் இடுக்கி. பக்கத்தில், இன்னும் மூடி திறக்காத ஒரு கிரீஸ் டியூப்.