மாடி ரூமுக்கு வந்த ஆள்

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எழுத்துகூட இட்டுக்கட்டியது இல்லை. பொய்யென்றால் அயனம்பாக்கம் ஏரி என்னைக் கொண்டுபோகட்டும், அதுவும் கரை ததும்பும் இந்த ஐப்பசியிலேயே.

கிருஷ்ணப்பிரியாவுக்குக் கல்லூரியிலேயே இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று புனேயில், நாலு வருஷமாக நோட்டு நோட்டாக வரைந்து தள்ளினாளே, அந்த கார் டிசைன் வேலை. இன்னொன்று வீட்டிலிருந்தே போய்வருகிற தூரத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில், நாள் முழுக்க கஸ்டமர் புகார் கேட்கிற வேலை.

ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது கல்லூரியின் விதி. வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் அம்பத்தூர் என்று முடிவுகட்டிவிட்டாள். அம்மா போய் இரண்டு வருஷம். அப்பா ஜெயராமன் தனி ஆள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"உன் மாடி ரூமை வாடகைக்கு உட்டுட்டேன் பாப்பா. நாகேந்திரன்னு ஒரு ஆளு. ஒண்ணாம் தேதி வந்துர்றாரு."

"என் ரூமையா? நான் எங்க படுக்கறது நைனா?"

"நீதான் புனே போறியே."

"யார் சொன்னா? அம்பத்தூர்தான் எடுக்கப் போறேன்."

"எடுத்துக்க. ஹால்ல படுத்துக்க. அந்தாளுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"பெத்த பொண்ணைவிட வாடகைக்காரன் பெருசா போய்ட்டானா?"

"ஆமான்னே வெச்சுக்க. சோறு ஆறுது, துன்னு."

எதிர்வீட்டு சுசீலாவுக்கே பொறுக்கவில்லை. "பொண்ணை இப்பிடியா தொரத்துவான் ஒரு மனுசன்?" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

மறுநாள் கிருஷ்ணப்பிரியா புனேவுக்குக் கையெழுத்துப் போட்டாள். 'இந்த வேலையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது எது?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. ஆர்வம், சம்பளம், நண்பர்கள், பெற்றோர் என்று நாலு கட்டம். கோபத்துக்குக் கட்டம் இல்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

வேலை பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள்தான் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டால் பேச்செல்லாம் நாகேந்திரன்.

"கேரம்ல கில்லாடிம்மா அவரு. நேத்து என்னை ஒரு காயினும் போட உடல."

"நான் சாப்ட்டனான்னு கேக்க மாட்டியா?"

"உனுக்கு இன்னா கொறச்சல்? சரி வை, அவரு கூப்புட்றாரு."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுவாள். பிறகு, அப்பாவுக்குப் பேச்சுத்துணையாவது இருக்கிறதே என்று முகம் கழுவப் போவாள். தீபாவளிக்கும் ஊருக்கு வரவில்லை. வந்தால் எங்கே படுப்பது?

அந்த மாடி ரூமுக்குள் ஜெயராமனைத் தவிர வேறு யாரும் கால் வைத்ததே இல்லை. தினமும் சாயங்காலம் போகிறார், பெருக்குகிறார், அவள் தலையணையைத் தட்டிப் போடுகிறார், பூட்டிக்கொண்டு இறங்குகிறார். நாகேந்திரன் என்று ஒரு மனிதன் இன்னும் பிறக்கவே இல்லை. இது அந்தப் பெண் காதுக்குப் போனால் அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பாள். அதனால் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், தவறி விட்டாலும் சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.