மேட்டுத் தெருவுக்கு ஒரு ஹெட்

ஓர் அண்ணனின் விலை ஒரு சிலிண்டர் ஹெட். பன்னிரண்டு வால்வுகளும் அதில் சேர்த்தி.

அந்த விலைக்குக் கூடப்பிறந்தவனைத் தலைமுழுகிய தம்பிக்காரன், இப்போது பழைய உதிரிபாகக் கடையில் இன்னொரு ஹெட் தேடிக்கொண்டு நின்றான்.

கடைக்கு வெளியே அப்பாவின் கார். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற அந்தக்கால எஞ்சின். அப்பா போனபின் பாகம் பிரித்தபோது வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அவன் கேட்டு வாங்கியது.

காரணம் இருந்தது. அதன் ஹெட்டை, எஞ்சின் தலையில் உட்காரும் அந்த இரும்பு மூடியை, அப்பா தன் கையாலேயே அராவி, காற்றுப் போகும் வாய்களை அகலமாக்கி, பெரிய வால்வு போட்டு வைத்திருந்தார். எந்த மேட்டிலும் அந்தக் கார் மூச்சு வாங்கியதில்லை.

கடைசிச் சில வருடங்கள் அப்பா அதை வெளியே எடுக்கவில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கைக்கு வந்தபின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது ஊரில் எல்லாக் காரிலும் இருக்கிற சாதாரண ஹெட்.

அண்ணன் வீட்டு வாசலுக்கே போய், அவனுடைய சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டான். "அப்பா ஹெட்டைக் கழட்டி வித்துத் தின்னுட்டியே, செரிச்சுதா?"

"நான் தொடலடா. அப்பாதான் எதுக்கோ..."

"செத்தவர் மேல பழி போடாத."

அதோடு பேச்சு நின்றது. போக்குவரத்து நிற்கவில்லை. அண்ணன் வீடு இருந்தது ஒரு மேட்டுத் தெருவில். தம்பி வேலைக்குப் போகும் வழியும் அதுதான். மற்ற இடங்களில் ஒழுங்காக ஓடுகிற கார், சொல்லிவைத்த மாதிரி அந்த வாசலில்தான் திணறும், இருமும், முதல் கியருக்கு இறங்கும்.

அந்த மேட்டில் ஒரு தடவையாவது சீறிக்கொண்டு ஏறிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் இந்த ஹெட்.

"ரெண்டுல எதுண்ணே எடுக்கலாம்?"

கடைக்காரரை அண்ணே என்பதில் அவனுக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

"இது புதுசு, அலுமினியம். எடை கம்மி, சூடு தங்காது. விலையைக் கேட்டா நீங்கதான் சூடாவீங்க." கடைக்காரர் சாக்கை விலக்கி இன்னொன்றை இழுத்தார். "இது பழைய இரும்பு. உங்க எஞ்சினுக்குன்னே பொறந்தது. மூணுல ஒரு பங்கு விலைதான். எவனோ ரசிச்சு அராவியிருக்கான். டார்ச் அடிச்சுப் பாருங்க, அதுக்குக் காசு இல்ல."

அடித்துப் பார்த்தான். வாய்கள் எல்லாம் சங்கின் உட்புறம்போல வழவழவென்று இருந்தன. கடைசி வாயில் மட்டும் நகம் பட்டதுபோல் ஒரு கீறல்.

அந்தக் கீறலை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்கு விளக்குப் பிடித்தபோது ஒரு தும்மல் வந்து, வெளிச்சம் ஆடி, அரம் வழுக்கியது. தும்மியவன் அவன். குட்டு வாங்கியது பக்கத்தில் சும்மா நின்ற அண்ணன்.

திருடன் சிக்கினான் என்று அவன் மனம் துள்ளியது.

"இதை யாருண்ணே கொண்டாந்து போட்டது?" குரலில் தேன் ஒழுகியது.

"ஒரு பெரியவரு. தானே கழட்டி, தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாரு. சின்னவனுக்குக் கல்யாணம், கையைக் கடிக்குதுன்னாரு. அதுக்கப்புறம் இந்த எஞ்சின்காரங்க யாருமே வரல. வால்வைக்கூட எப்படி வச்சிருக்காரு பாருங்க."

ஓர் அட்டைப்பெட்டி மூடியில் துளை போட்டு, பன்னிரண்டு வால்வுகளும் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் தன் இடத்தோடு தேய்ந்து பழகியது. இடம் மாறினால் கசியும். அதனால் துளைக்குத் துளை எண் போட்டிருந்தது. அப்பாவின் சாய்ந்த எழுத்து.

மூடியைத் திருப்பினான். பொன் எழுத்தில் துணிக்கடையின் பேர். மூலையில் அவனுடைய மார்பளவு.

அவன் கல்யாணக் கோட்டு வந்த பெட்டி.

நல்ல கோட்டு. எங்கே தைத்தது என்று ஊரே கேட்டது. எதை விற்றுத் தைத்தது என்று யாரும் கேட்கவில்லை. போட்டுக்கொண்டவனும் கேட்கவில்லை.

"என்ன சார், இதையே கட்டிரவா?"

இந்த இரும்பைக் காரில் ஏற்றினால் மேட்டில் சீறிக்கொண்டு போக முடியாது. நிறுத்த வேண்டும். இறங்க வேண்டும். கதவைத் தட்ட வேண்டும்.

"வேணாம்ணே. புதுசையே கட்டுங்க. பழசெல்லாம் யாரு கைப்பட்டதோ, என்னத்தைக் கண்டோம்."

பேரம்கூடப் பேசவில்லை. கேட்ட விலையை வாங்கிப் போட்டுக்கொண்ட கடைக்காரருக்கே வியாபாரம் ருசிக்கவில்லை.

பின் சீட்டில் புது ஹெட் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்க, கார் அந்த மேட்டில் வழக்கம்போல் இருமியது. வாசலில் நின்றிருந்த அண்ணன், தள்ளிவிட வேண்டியிருக்குமோ என்று காலால் செருப்பைத் துழாவினான்.

தம்பி கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

கோட்டுக்கு அப்பா கொடுத்தாயிற்று. தும்மலுக்கும், காணாமல் போன ஹெட்டுக்கும் அண்ணன் கொடுத்தாயிற்று. புது ஹெட்டுக்கு அவனே கொடுத்தாயிற்று.

பாக்கி, ஒரே ஓர் ‘அண்ணே’. அதையும் கடையிலேயே செலவழித்துவிட்டு வந்திருந்தான்.